உன் கன்னத்தில் நான் வைத்த பென்சில்

மகனுக்கு,

கடிதத்தின் தலையில் எப்போதும் எழுதும் சேசு மரி சூசை என்ற மூன்று பெயர்களையும் இன்று எழுதவில்லை. இந்தப் பேச்சுக்குள் அவர்களை இழுக்க எனக்கு மனம் வரவில்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய். உடம்பு சரியில்லாதவன் நான்கு பக்கத்துக்குக் குறை எழுத மாட்டான்.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. போன சனிக்கிழமை நீயும் செசிலியும் பாம்பன் பங்குச் சாமியார் முன்னால் நின்று, கல்யாணத்துக்கு முன் கேட்கும் மந்திரங்களை ஒப்பித்தீர்கள். அவள் ஒரு சொல் தடுமாறவில்லை. நீ விசுவாசப் பிரமாணத்தில் பாதியில் நின்று கூரையைப் பார்த்தாய். மறுநாள் பூசையில் உங்கள் இருவருக்கும் முதல் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை மூன்று தடவை சாமியார் கேட்கிறாரே, அது எதற்கு? உன்னைப் போன்றவர்களுக்காகத்தான். அந்த ஓலையை நீ முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டாய். வாய் திறக்கவில்லை. மத்தியானம் அவர்கள் வீட்டில் இறால் குழம்பு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாய். சென்னைக்கு ரயிலேறிப் போய், நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அதன் பிறகு பேனாவைத் திறந்தாய்.

என்ன எழுதியிருக்கிறாய் என்று உனக்கே ஒருமுறை சொல்கிறேன். நீ எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்திருக்க மாட்டாய். 'போட்டோவில் இருக்கும் பெண் வேறு, நேரில் இருக்கும் பெண் வேறு. நெற்றியிலும் இடது கன்னத்திலும் அம்மைத் தழும்பு. நான் ஏமாற்றப்பட்டேன். அவர்கள் கெஞ்சிக் கேட்டு உங்களை இப்படிச் செய்ய வைத்திருப்பார்கள். ஆபீசில் எல்லாரிடமும் படத்தைக் காட்டிவிட்டேன். இனி இவளை எப்படி அவர்கள் முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவது? இரண்டாம் ஓலை வாசிக்காமல் நிறுத்திவிடுங்கள்.' இதுதான் நீ எழுதியது. கல்யாணம் உனக்கா, உன் ஆபீசுக்கா என்று உன் அம்மா கேட்டாள்.

முதலில் ஒன்றைத் தீர்த்துவிடுகிறேன். அவர்கள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. செசிலியின் அப்பா கடலுக்குப் போகிறவர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். நம் ராமநாதபுரம் ஸ்டூடியோவுக்கு மகளைக் கூட்டி வந்த அன்று அவர் சொன்னது ஒரே பேச்சுதான். "உள்ளது உள்ளபடி எடுங்க சம்பந்தி. அப்புறம் ஒரு சொல்லு வந்துறக் கூடாது." நான் தலையாட்டினேன். அந்தப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு வெளியே எடுப்பதற்குள், "சிரிக்கலாமா மாமா?" என்று கேட்டாள். பல் தெரியக் கூடாது என்றேன். "ஒக்கார வச்சு, வெளக்கப் போட்டு, மூச்சு விடாதன்னு பயமுறுத்துறீக. இதுல எங்கிட்டுச் சிரிக்கிறது?" என்றாள். எனக்கு அப்போதே அவளைப் பிடித்துவிட்டது. இந்த வீட்டுக்கு இப்படி ஒருத்தி வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அந்த ஆசைதான் என்னைக் கெடுத்தது.

ஏனென்றால் எனக்கு உன்னைத் தெரியும். தழும்போடு படத்தை அனுப்பினால் நீ ஒரு பார்வையில் ஒதுக்கிவிடுவாய் என்று தெரியும். அதனால் பென்சிலை எடுத்தேன். சீவி, உப்புத்தாளில் தேய்த்து, ஊசி போல நீட்டிய முனை. நெகட்டிவைச் சாய்வுப் பலகையில் மாட்டி, கீழே கண்ணாடியை வைத்து வெயிலை மேலே திருப்பி, படலத்தின் மேல் பிசின் மருந்தைப் பூசி, இரண்டு மத்தியான வேளை உட்கார்ந்தேன். அம்மைக் குழி நெகட்டிவில் சின்ன வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். ஒவ்வொரு புள்ளியையும் பென்சிலால் அடைக்க வேண்டும். அடைத்தேன். இருபத்தைந்து வருஷத்தில் அவ்வளவு நல்ல வேலை நான் செய்ததில்லை. அப்பனாக இருந்துகொண்டு மகனை இவ்வளவு அற்பமாக எடைபோட்டேனே என்று அன்றே வெட்கப்பட்டிருக்க வேண்டும். நீ என் கணக்கைத் துளியும் பொய்யாக்கவில்லை.

நல்ல வேலை என்றால் என்ன என்று உனக்குத் தெரியாது. ஸ்டூடியோ மாடியில் வளர்ந்தும் நீ அந்தப் பலகைப் பக்கம் வந்ததில்லை. கையில் கரி ஒட்டும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இன்னொரு ஸ்டூடியோ இருந்ததே, அங்கே ஒருவன் டச்சிங், அதாவது இந்தப் பென்சில் வேலை, செய்தான். அவன் கைக்குப் போன முகமெல்லாம் உரித்த முட்டையாகத்தான் திரும்பி வரும். தாத்தாவுக்கும் பேத்திக்கும் ஒரே கன்னம். மூக்கு ஓரத்துக் கோடு, கண்ணுக்குக் கீழ் மடிப்பு, உதட்டு மேல் பள்ளம் எல்லாவற்றையும் மெழுகி விட்டுவிடுவான். ஊர் அதற்குத்தான் வரிசையில் நின்றது. நயினார்கோவில் பக்கத்துப் பண்ணையார் ஒருவர், வெயிலில் நின்று நின்று கறுத்த மனிதர், அங்கே எடுத்த படத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டி, "இதவிட வெள்ளையா வருமா?" என்று கேட்டார். அந்தப் படத்தில் காது மட்டும்தான் அவருடையது. அதைச் சொன்னேன். கோபித்துக்கொண்டு எழுந்து போனார். மறுவாரம் திரும்பி வந்து, காதையும் வெளுக்க முடியுமா என்றார்.

நான் அப்படிச் செய்ய மாட்டேன் என்று எனக்கு ஒரு கர்வம். தழும்பை எடுப்பேன், தோலை எடுக்க மாட்டேன். தோலின் பொடிப் பொடி மேடுபள்ளம் அப்படியே இருக்கும். சிரித்தால் விழும் கோட்டை மெலிதாக்குவேன், அழிக்க மாட்டேன். வெளிச்சம் விழுந்த இடத்தில் வெளிச்சமும் நிழல் விழுந்த இடத்தில் நிழலும் இருக்கும். பார்க்கிறவன் இது டச் செய்த படம் என்று சத்தியமாகச் சொல்ல மாட்டான். பிறந்ததிலிருந்தே இப்படி ஒரு தோல் என்று நம்பிவிடுவான். இதைப் பெரிய கலை என்று நினைத்துக்கொண்டு வயதைப் போக்கினேன். இப்போது யோசித்தால் அந்த முட்டைக்காரன்தான் யோக்கியன். அவன் பொய் பத்தடி தூரத்திலேயே தெரியும், யாரும் ஏமாற மாட்டார்கள். என் பொய் தோல் மாதிரியே இருக்கும். ஊரெல்லாம் நல்ல டச்சிங் என்று புகழ்ந்தது இந்தத் திருட்டுக்குத்தான்.

உனக்கு ஒரு விஷயம் சொல்கிறேன். உன் அம்மாவுக்கும் இதுவரை சொன்னதில்லை. சிலோனுக்குப் போய்வர பாஸ்போர்ட் வேண்டும் என்று வந்த புதிது. அதற்கு முன்னால் நம் ஆட்கள் தனுஷ்கோடியில் கப்பலேறி அக்கரைக்குப் போவது பக்கத்து ஊர் சந்தைக்குப் போவது போலத்தான். மண்டபத்துக்காரர் ஒருவர் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க வந்தார். மன்னாரில் அவருடைய அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தது. அந்த அம்மாள் படுக்கையில் கிடந்தாள். அவருக்கு வலது கன்னத்தில் மிளகு அளவு ஒரு மச்சம். நான் எதையும் யோசிக்கவில்லை. கை போனது. மச்சம் போனது. அவரும் படத்தைப் பார்த்துவிட்டு நன்றாக விழுந்திருக்கிறது என்று வாங்கிப் போனார். கப்பல் ஏறும் இடத்தில் பாஸ்போர்ட்டை விரித்தால், அடையாளம் என்ற இடத்தில் வலது கன்னத்தில் மச்சம் என்று எழுதியிருக்கிறது. மனிதரின் கன்னத்திலும் மச்சம் இருக்கிறது. படத்தில் இல்லை. இது யார் படம் என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

புதுப் படம், புதுத் தாள் என்று அலைந்து முடிப்பதற்குள் அக்கா போய்விட்டாள். அதன் பிறகுதான் அவர் ஸ்டூடியோவுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. பழைய படத்தின் இன்னொரு காப்பியை என் பலகை மேல் வைத்தார். "இந்தாங்க. அக்காளப் பாக்க இந்த ஆளு போயிட்டு வரட்டும். நான் இங்கனயே இருந்துக்கிறேன்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அன்றைக்கே நான் பென்சிலை ஒடித்துப் போட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஒடிக்கவில்லை. பாஸ்போர்ட் படத்தில் மட்டும் கை வைப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு, மறுநாள் ஒரு கல்யாணப் பெண்ணின் பருவை எடுத்தேன். மனிதன் தன் குற்றத்தைத் தனக்கு வசதியான அளவுக்குத்தான் திருத்திக்கொள்கிறான்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். செசிலியின் படம் உனக்கு வந்தது போல, உன் படமும் செசிலி வீட்டுக்குப் போனது. போன பொங்கலுக்கு நீ வந்தபோது நான்தான் எடுத்தேன். கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு, பவுடர் போட்டுக்கொண்டு, இடது கையில் கடிகாரம் தெரிய உட்கார்ந்தாயே, அதுதான். பிரிண்ட் போட்டு உன்னிடம் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாய். "நல்லா விழுந்திருக்குப்பா. லைட்டிங் பிரமாதம்," என்றாய். லைட்டிங்காம். சுதந்திரம் வந்த வருஷம் உனக்கு அம்மை வார்த்தது. பதினோரு வயது. மூக்கிலும் இரண்டு கன்னத்திலும் தாடையிலும் குழி விழுந்தது. உன் படத்தின் நெகட்டிவில் நான் அடைத்த புள்ளிகள் அந்தப் பெண்ணுடையதைப் போல இரண்டு மடங்கு இருக்கும். மூக்கின் மேல் இருப்பதற்கு மட்டும் ஒரு மத்தியானம் முழுவதும் போனது. நீ ஒன்றைக்கூடத் தேடவில்லை. எங்கே போனது என்று கேட்கவில்லை. உன் முகத்தில் அது இருப்பதே உனக்கு மறந்துபோயிருக்கிறது. பெண்ணின் கன்னத்தில் இருப்பது மட்டும் முதல் பார்வையிலேயே தெரிகிறது.

உன் அம்மாவுக்குத் தெரிந்தது. படத்தைக் கையில் வாங்கியதும், "இது யாரு?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "இருவத்தோரு நாளு கண்ணு மூடாம, வேப்பங்கொத்து வச்சு இந்த மொகத்த நான் தடவிக் குடுத்தேன். ஒரு குழி ஆறுறதுக்கு ஒரு செபமாலை சொல்லியிருக்கேன். அதெல்லாம் எங்க? புள்ள பொழச்சதுக்கு அடையாளமே அதுதான. அதப் போயி அழிச்சு வச்சிருக்கீகளே," என்றாள். படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நம் வீட்டில் அந்தப் படம் ஏன் மாட்டவில்லை என்று நீ கேட்டாய். சட்டம் போடக் கொடுத்திருக்கிறது என்று சொன்னேன். அதுவும் பொய்.

உன் கடிதம் வந்த மறுநாள் காலையில் இரண்டு நெகட்டிவையும் வெளியே எடுத்தேன். நல்லவேளை, இரண்டிலும் கத்தி வைக்கவில்லை, பென்சில்தான். கத்தியால் சுரண்டினால் சுரண்டியதுதான். பென்சில் போட்டதைப் பஞ்சில் டர்பண்டைன் நனைத்துத் துடைத்தால் பிசினோடு சேர்ந்து வந்துவிடும். துடைத்தேன். பஞ்சு கறுத்தது. முதலில் அவள் நெற்றி வந்தது, பிறகு கன்னம். அடுத்து உன் மூக்கு, உன் தாடை. எனக்குக் கண் கலங்கியது என்று சொல்ல மாட்டேன், டர்பண்டைன் நெடி அப்படித்தான். ஆனால் உன்னை வெகுநாள் கழித்துப் பார்த்தது போல இருந்தது. இரண்டிலும் ஒவ்வொரு பிரிண்ட் போட்டு, ஈரம் காய்ந்ததும் உன் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு பாம்பனுக்கு ரயிலேறினேன். தடை தெரிந்தவன் வந்து சொல்ல வேண்டும் என்றுதானே சாமியார் கேட்டார். எனக்குத் தெரிந்த தடையைச் சொல்லப் போனேன்.

செசிலியின் அப்பா வாசலில் கிழிந்த வலையை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவளும் உட்கார்ந்து கண்ணி கோத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னார்கள். நான் நின்றுகொண்டே சொன்னேன். நீங்கள் உள்ளபடி எடுக்கச் சொன்னீர்கள், நான் கை வைத்துவிட்டேன், என் பிள்ளை படத்திலும் கை வைத்தேன், இப்போது அவன் இப்படி எழுதியிருக்கிறான் என்றேன். பெரியவர் வலையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். எழுதியதைக் கொஞ்சம் இளக்கிச் சொல்லலாம் என்று நான் வாயெடுத்தேன். அதுவும் டச்சிங்தானே. அதற்குள் அவள் கையை நீட்டினாள். "கடிதாசியக் குடுங்க மாமா. நானே படிச்சுக்கிறேன்."

படித்தாள். நான்கு பக்கத்தையும் படித்தாள். ஆபீஸ் வரும் இடத்தில் ஒருமுறை நின்று, மறுபடி மேலே போய்ப் படித்தாள். இருந்த மடிப்பிலேயே மடித்து என்னிடம் கொடுத்தாள். பிரிண்டுகளை நீட்டினேன். தன்னுடையதைப் பார்த்து, "இதுதான் நான்," என்று மட்டும் சொன்னாள். உன்னுடையதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "மொதல்ல ஒரு படம் அனுப்புனீக. அது இவுக இல்லன்னு சாமியார் வீட்டுல பாத்த அன்னிக்கே தெரிஞ்சுச்சு. இந்த மொகத்தத்தான் அன்னிக்குப் பாத்தேன். எனக்கு ஒரு கொறையும் தெரியல மாமா. கடிதாசியப் பாத்த பெறகுதான் தெரியுது," என்றாள்.

அவளுடைய அப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "ஒரு ஓலை வாசிச்சாச்சேம்மா. நின்னு போச்சுன்னா ஊரு என்னமும் பேசுமே," என்றார். அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள். "ஒரு ஓலையோட நின்னா ஒரு மாசம் பேசுவாக. பேசட்டும்யா. மூணு ஓலையும் வாசிச்சுட்டாகன்னா, அந்த ஆபீஸ்காரக வரும்போதெல்லாம் ஆயுசுக்கும் நான் அடுப்படியில ஒளிஞ்சு நிக்கணும். என்னால ஏலாது." அவர் தலையைக் குனிந்துகொண்டார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். காப்பி போடச் சொன்னார். அந்தக் காப்பியை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

ஆகவே நீ கேட்டபடி ஓலை நின்றுவிட்டது. நாளை ஞாயிற்றுக்கிழமை பாம்பன் கோவிலில் உங்கள் பெயர் வராது. ஆனால் நிறுத்தியது நீ இல்லை, நானும் இல்லை. நேற்று வெள்ளிக்கிழமை காலையில் அவளே சாமியாரிடம் நடந்துபோய், எனக்கு இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். அவள் வீட்டு ஆள் ஒருவர் வந்து சொல்லிப்போனார். ஆபீசில் கேட்டால் இதை உள்ளது உள்ளபடி சொல். பெண்ணுக்குத் தழும்பு என்று சொல்லி இதையும் மழுப்பிக்கொண்டு திரியாதே.

நான் இனிமேல் பென்சிலைத் தொட மாட்டேன் என்று வீரம் பேசவில்லை. இன்று காலையில்கூடக் கடலாடியிலிருந்து ஒரு குடும்பம் பெண்ணோடு வந்தது. கையில் ஒரு தீக்காயம். எடுத்துவிடுங்கள் என்றாள் தாய். பெண்ணிடம் கேட்டேன், உனக்கு என்னம்மா வேண்டும் என்று. இத்தனை வருஷத்தில் நான் இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை. அவள் தாயைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். நெகட்டிவ் இன்னும் பலகையில்தான் இருக்கிறது.

செசிலி தன்னுடைய பிரிண்டைத் தானே வைத்துக்கொண்டாள். உன்னுடையதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அது இந்தக் கவரில் இருக்கிறது. அதே நெகட்டிவில் உன் அம்மாவுக்கும் ஒன்று போட்டுக் கொடுத்தேன். சட்டம் போட்டு, சேசுவின் படத்துக்குக் கீழே மாட்டியாகிவிட்டது. காலையில் செபம் சொல்லி முடித்ததும் அந்த மூக்கில் ஒரு விரலை வைத்துவிட்டுப் போகிறாள். உன் மேல் கோபம் எனக்கு நிறைய இருக்கிறது, ஆனால் பாசம் போய்விட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

இவன் நேரில் வந்து அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்று உன் அம்மா நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தெரியாது. சரி என்பாள் என்று எழுதி உனக்கு ஆசை காட்ட மாட்டேன், மாட்டாள் என்று எழுதி உன்னை உட்கார வைக்கவும் மாட்டேன். ரயில் பாம்பன் வரைக்கும் வருகிறது. வருவதானால் பவுடர் போடாமல் வா.

உன் அப்பா